இடம் இருந்தும் இடமில்லை

நோர்வூட் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் ஓர் இளைஞன் கணினி விளையாட்டொன்றை வெளி வன்தட்டிற் பதிக்க முனைகின்றான். தமக்கையின் திருமணப் படங்களும் அத்தட்டிலேயே உள்ளன. இன்னும் 400 ஜிகாபைட் இடம் வெறுமையாய்க் கிடக்கின்றது. ஆயினும் பதிவு நடுவழியில் நின்றுவிடுகின்றது. கோப்பு மிகப் பெரிது எனத் திரை உரைக்கின்றது. தட்டு பழுதுற்றதோ என அவன் ஐயுறுகின்றான்.

குறை தட்டில் இல்லை. அதன் பேரேட்டில் உள்ளது. கொழுந்து நிறுக்கும் பதிவேட்டில் கிலோவுக்கு இரண்டு இலக்கக் கட்டமே இருப்பின், 100 கிலோவை எவ்வாறு எழுதுவது? சாக்கு கொள்ளும், ஏடு கொள்ளாது. 1996ஆம் ஆண்டில் வந்த ஃபாட் 32 என்னும் பதிவு முறையும் அத்தகையதே. ஒரு கோப்பின் அளவைக் குறிக்க அதில் 32 பிட்டுகளே உண்டு. ஆதலின் 4 ஜிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பு அதில் அமையாது. இக்காலத்து விளையாட்டுக் கோப்புகள் பல அவ்வெல்லையைக் கடந்தவை.

என்.டி.எஃப்.எஸ். முறைக்கோ, 2006இல் வந்த எக்ஸ்ஃபாட் முறைக்கோ தட்டை மாற்றுவதே பரிகாரம். ஆனால், ஃபார்மட் செய்யுங்கால் பழைய பேரேடு நீங்கும். படங்களும் உடன் மறையும். முதலில் அவற்றை வேறிடத்திற் படியெடுத்து, திறந்து பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே மாற்றம்.

பதிவு வேறு காரணங்களாலும் அறுபடுவதுண்டு. தளர்ந்த கம்பி, மின்வலு குன்றிய யு.எஸ்.பி. வாயில், மழைநாள் மின்தடை ஆகியவற்றையும் ஆராய்தல் நன்று.

விளையாட்டை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். திருமணப் படங்களை எங்கிருந்து இறக்குவது?