கிட்டாரின் குரல் எங்கே இருக்கிறது?

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் அண்ணனோ அக்காவோ பக்கத்தில் இருந்தால், ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமல் ஒரு தந்தியை மீட்டச் சொல்லிப் பாருங்கள். சத்தம் ரொம்பச் சன்னமாக இருக்கும். எதிர் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரியாகக் கேட்காது. வீணைக்குக் குடம் இருக்கிறது. சாதாரண கிட்டாருக்கு உள்ளே காலியான மரப்பெட்டி இருக்கிறது. தந்தியின் அதிர்வை வாங்கி அறை முழுக்கப் பரப்புவது அவைதான். எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை கெட்டியான மரப்பலகை. அதற்கு அந்த வேலை தெரியாது.

அப்படியென்றால் மேடையில் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறதே, அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். முதல் கிட்டார் வாங்கிய சில மாதங்களிலேயே பலருக்கு அதன் சத்தம் அலுத்துப்போகும். "இது நல்லாவே இல்லப்பா, வேற கிட்டார் வாங்கித் தாங்க" என்று வீட்டில் கேட்பார்கள். கிட்டார் விலை அதிகம். பெரும்பாலான சமயங்களில் மாற்ற வேண்டியது கிட்டாரை அல்ல, அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு சின்னப் பொருளைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் பொருள் என்று பார்ப்போம்.

தந்திகளுக்கு நேர் கீழே, பலகையில் பதித்த நீளமான சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் பெயர் பிக்அப். மூடியைக் கழற்றினால் உள்ளே காந்தம். ஃபெண்டர் நிறுவனத்தின் பாணியிலான கிட்டார்களில் தந்திக்கு ஒன்றாக ஆறு காந்தத் துண்டுகள் நிற்கும். அவற்றைச் சுற்றிச் செம்புக் கம்பி. கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர், ஏறக்குறைய நம் தலைமுடி அளவுதான். அதைச் சுமார் 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். கையால் தொட்டாலே அறுந்துபோகும்.

இப்போது தந்தியை மீட்டுங்கள். தந்தி எஃகு. பக்கத்தில் காந்தம் இருப்பதால் அதுவும் கொஞ்சம் காந்தமாகியிருக்கிறது. அது ஆடும்போது கம்பிச்சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் ஆடுகிறது. காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். பள்ளியில் மின்காந்தத் தூண்டல் என்று படிப்பீர்களே, அதேதான். மிகத் தடித்த தந்தி நொடிக்கு 82 முறை ஆடினால் மின்சாரமும் 82 முறை முன்னும் பின்னும் போய்வரும். அதன் அளவு பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதை வாங்கிப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பது ஆம்ப்ளிஃபயரின் பொறுப்பு.

ஆக, பிக்அப்புக்குக் கிட்டாரிலிருந்து தெரிவது தந்தியின் ஆட்டம் மட்டுமே. எலெக்ட்ரிக் கிட்டாரில் நைலான் தந்தி கட்டினால் காந்தத்துக்கு அது இருப்பதே தெரியாது. ஆம்ப்ளிஃபயரில் சத்தமே வராது. கிட்டாரின் மரம் சத்தத்தை எவ்வளவு மாற்றும் என்று வாசிப்பவர்கள் நடுவே முடியாத வாக்குவாதம் உண்டு. தந்தி எவ்வளவு நேரம் ஆடும், எப்படி அடங்கும் என்பதில் மரத்துக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் தந்தி, பிக்அப், பிக்அப் இருக்கும் இடம் ஆகிய இவை செய்யும் வேலைக்கு முன்னால் அது சிறியதுதான் என்று நினைக்கிறேன்.

எனவே மாற்றத்தைத் தந்தியிலிருந்து தொடங்குங்கள். வியர்வையும் அழுக்கும் ஏறித் துருப்பிடித்த தந்தி மந்தமாக ஒலிக்கும். புதுத் தந்தி மாட்டினாலே, "என் கிட்டாரா இது!" என்று சிலர் அசந்துபோவார்கள்.

அடுத்து ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பிக்அப்பின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு திருகு இருக்கும். திருகினால் பிக்அப் ஏறும், இறங்கும். தந்திக்கு அருகே வந்தால் ஒலி உரக்கவும் கூர்மையாகவும் வரும். ரொம்ப அருகே வந்தால் காந்தம் தந்தியை இழுக்க ஆரம்பித்துவிடும். தந்தியால் சுதந்திரமாக ஆட முடியாது. சுருதி தடுமாறும், ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் கடைசியானதில் தந்தியை அழுத்திப் பிடித்தால் தந்திக்கும் பிக்அப்புக்கும் நடுவே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிக்அப் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் சுவாரஸ்யம். எந்தக் கிட்டாரிலும் இதைச் செய்யலாம். ஒரு தந்தியை அதன் சரிபாதியில், அதாவது 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மீட்டுங்கள். ஒலி உருண்டையாக, மென்மையாக வரும். அதே தந்தியைத் தந்திகள் முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டுங்கள். கணீரென்று, கொஞ்சம் முரட்டுத்தனமாக வரும். சுரம் ஒன்றுதான், குரல் வேறு. ஏன்?

தந்தி ஒரே மாதிரி மட்டும் ஆடுவதில்லை. முழுத் தந்தியாக ஆடும்போதே இரண்டு பாதிகளாகவும் ஆடுகிறது, மூன்று பங்காகவும் ஆடுகிறது, நான்காகவும் ஆடுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில். முழு ஆட்டம் நமக்குச் சுரத்தைச் சொல்கிறது. மற்றவை மேற்சுரங்கள், அவை எந்த அளவில் கலக்கின்றன என்பதுதான் குரல். இரண்டு பாதிகளாக ஆடும்போது நடுப்புள்ளி அசைவதில்லை. அப்படி அசையாத இடத்துக்குக் கணு என்று பெயர். அந்த இடத்தில் மீட்டினால் அந்த மேற்சுரம் எழும்பவே எழும்பாது. பிரிட்ஜ் அருகே மீட்டினால் உயர்ந்த மேற்சுரங்கள் தாராளமாக எழும்பும்.

மீட்டுவதற்கு உள்ள இந்த விதி கேட்பதற்கும் உண்டு. பிக்அப் கணுவுக்கு நேர் கீழே இருந்தால் அந்த மேற்சுரத்தை அது கேட்காது. அதனால்தான் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்அப் கூர்மையாகவும், கழுத்துப் பக்கத்துப் பிக்அப் கனிவாகவும் ஒலிக்கின்றன. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்அப்புகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை கொண்ட சுவிட்ச். வாசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே மெல்ல நிறுத்தினால் இரண்டு பிக்அப்புகள் ஒன்றாகப் பேசும், புதிய குரல் கிடைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். 1977-இல் ஃபெண்டர் நிறுவனமே ஐந்து நிலை சுவிட்சை வைத்துக் கொடுத்தது.

இனி, பலரும் தொடாமலே விட்டுவிடும் டோன் குமிழ். அதற்கு அடியில் ஒரு சின்ன மின்தேக்கி இருக்கிறது. அதன் அளவு பொதுவாக 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட். வேகமாக மாறும் மின்சாரம் மின்தேக்கி வழியே எளிதாகப் போகும். மெதுவாக மாறுவது போகாது. குமிழைத் திருகத் திருக, உயர்ந்த மேற்சுரங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் போகாமல் மின்தேக்கி வழியே தரைக்கம்பிக்குப் போய்விடும். இது ஒரு சல்லடை. இருப்பதைக் கழிக்கத் தெரியும், இல்லாததைச் சேர்க்கத் தெரியாது. குமிழை முழுக்கத் திறந்த பிறகும் கூர்மை போதவில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. சில சமயம் கேபிளில்! உள்ளே ஒரு கம்பி, சுற்றிலும் ஓர் உலோக உறை என்று இருப்பதால் கேபிளே ஒரு மின்தேக்கிபோல நடந்துகொள்ளும். கேபிள் நீள நீள ஒலி மங்கும். வீட்டில் வாசிக்க 3 மீட்டர் கேபிள் தாராளம்.

பிக்அப்பில் ஒரு தொல்லை உண்டு. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுகிறது. அது உண்டாக்கும் காந்தப்புலத்தையும் பிக்அப் கேட்டுவிடும். 'உம்ம்' என்று ஒரு முனகல் பின்னாலேயே வரும். அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்ற பொறியாளர் 1955-இல் இதற்கு வழி கண்டார். ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள்கள். மின்சாரம் ஒன்றில் ஒரு திசையிலும் மற்றதில் எதிர்த்திசையிலும் ஓடும்படி இணைத்தார். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து, ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். அப்போது தந்தியின் ஒலியும் அழிந்துவிடாதா? அழியாது. ஒரு சுருளில் காந்தத்தின் வடமுனை மேலே, மற்றதில் தென்முனை மேலே. தந்தியின் ஒலி மட்டும் இரண்டு முறை திருப்பப்பட்டு நேராகிவிடுகிறது, இரண்டும் கூடுகின்றன. இதுதான் ஹம்பக்கர். முனகல் போனதோடு ஒலியும் தடிமனாக, வலுவாக வந்தது.

தடிமனான குரலுக்குக் கிப்சன், சுருதியை ஆட்டி வளைக்கும் கைப்பிடிக்கு ஸ்ட்ராடோகாஸ்டர். இரண்டும் ஒரே கிட்டாரில் வேண்டுமென்றால்? 1970-களில் கலிஃபோர்னியாவில் எடி வான் ஹாலன் என்ற இளைஞர் ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவத்தில், குறையுள்ளது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பலகையை 50 டாலருக்கு வாங்கினார். கழுத்துக்கு 80 டாலர். கிப்சன் கிட்டாரிலிருந்து கழற்றிய ஹம்பக்கரை அதில் பதித்தார். கிப்சனில் தந்திகள் நெருக்கம், இதில் அகலம். எனவே பிக்அப்பைச் சாய்த்து வைத்துத் தந்திகளோடு பொருத்தினார். உரக்க வாசித்தபோது பிக்அப் கீச்சிட்டது. சுருளின் கம்பிகள் தளர்ந்து தாங்களே அதிர்வதுதான் காரணம். உருக்கிய மெழுகில் முக்கினார்; கம்பிகள் அசையாமல் ஒட்டிக்கொண்டன. அந்தக் கிட்டார் 2019-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது லண்டன் பையன் பிரையன் மேயின் கதை. 1963-இல் அவருக்கு 16 வயது. ஸ்ட்ராடோகாஸ்டர் வாங்க வீட்டில் வசதியில்லை. அப்பா ஹரால்டுக்கு மின்னணு வேலையும் மரவேலையும் தெரியும். இருவரும் வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். கழுத்துக்குப் பழைய கணப்பின் மகாகனி மரம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலுக்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம். சுருதியை வளைக்கும் கைப்பிடிக்கு 1928-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள், நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி. ஃப்ரெட்டுகளின் அடையாளப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். வேலை முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆனது.

பிக்அப்பையும் காந்தம் வாங்கிக் கம்பி சுற்றி அவரே செய்தார். ஒலித்தது, ஆனால் தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து வளைத்தால் வேண்டாத ஓசை வந்தது. அப்போது அவர் என்ன செய்தார் பாருங்கள். கிட்டாரைத் தூக்கிப் போடவில்லை. என் பிக்அப்தான் என்று பிடிவாதமும் பிடிக்கவில்லை. கடையில் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்அப்புகள் மூன்று வாங்கி, அவை கீச்சிடாமலிருக்க உள்ளே அரால்டைட் பசையை ஊற்றிப் பொருத்தினார். ஒவ்வொரு பிக்அப்புக்கும் இரண்டு சுவிட்ச் வைத்தார். ஒன்று, அதை இயக்கவும் நிறுத்தவும். மற்றது, அதன் மின்சாரத்தைத் தலைகீழாகத் திருப்ப. ஒன்றைத் திருப்பிவிட்டு இரண்டை ஒன்றாக வாசித்தால், இரண்டும் ஒரே மாதிரி கேட்கும் பகுதிகள் அழிந்து, வேறுபடுபவை மட்டும் மிஞ்சும். சன்னமான, மூக்கால் பாடுவதுபோன்ற குரல் வரும். ஹம்பக்கர் முனகலை அழித்த அதே கணக்கு, இங்கே குரலைச் செதுக்கப் பயன்பட்டது. குவீன் இசைக்குழுவில் பல பத்தாண்டுகளாக அவர் வாசிப்பது அந்தக் கிட்டாரைத்தான். வானியற்பியலில் முனைவர் பட்டமும் 2007-இல் வாங்கினார்.

நம் கர்நாடக இசையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. மேண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். சுரத்தை அசைக்கும் கமகத்துக்குத் தந்தியை வளைக்க இரட்டைத் தந்தி இடைஞ்சல். ஒலியும் சட்டென்று அடங்கிவிடும். மேண்டலின் கலைஞர் யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மேண்டலினில் வாசித்தார். வாத்தியத்தைக் கைவிடாமல், அதைத் தன் இசைக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்.

மாற்ற முடியாதவையும் உண்டு. தந்தி ஆடும் நீளம் அதில் முக்கியம். ஃபெண்டர் கிட்டார்களில் பெரும்பாலும் 648 மில்லிமீட்டர், கிப்சனில் சுமார் 628. அதே தந்தியில் அதே சுரம் வர வேண்டுமானால் நீளமான கிட்டாரில் சுமார் 6 சதவீதம் கூடுதலாக இழுத்துக் கட்ட வேண்டும். விரலுக்கு விறைப்பாக இருக்கும், ஒலியும் வேறுபடும். ஃப்ரெட்டுகள் அந்த நீளத்துக்கு அளந்து பதித்தவை. பிக்அப் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கழுத்து முறுக்கிக்கொண்டாலும் அப்படித்தான்.

ஆகவே கிட்டார் வாங்கப் போனால் முதலில் எதிலும் இணைக்காமல் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். தந்தி உரசும் சத்தம் வருகிறதா, எந்தச் சுரமாவது மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்துவிடுகிறதா, கை வலிக்கிறதா? இவை சரியாக இருந்தால், ஆம்ப்ளிஃபயரில் கேட்கும் குரல் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. பிக்அப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பற்றவைக்கும் சூட்டுக்கோல் எடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்குப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.