504 குளிசை, 560 கிலோமீற்றர்

இலங்கையில் காசநோய்க் குளிசைக்கும் சளிப் பரிசோதனைக்கும் அரச வைத்தியசாலையில் காசு வாங்குவதில்லை. ஆனாலும் இந்த நோய் வன்னிக் குடும்பங்களைக் கடனாளியாக்குகிறது. செலவு தூரமாகவும் வேலைநாளாகவும் போவதால் எந்தப் பற்றுச்சீட்டிலும் அது பதிவாவதில்லை.

ஆட்கள்

2012 குடிசன மதிப்பீட்டின்படி வன்னியின் கிளிநொச்சி மாவட்டத்தில் 113,510 பேர், முல்லைத்தீவில் 92,238, வவுனியாவில் 172,115, மொத்தம் 377,863. 2019இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 64 புதிய நோயாளர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதே வீதத்தில் பார்த்தால் இம்மூன்று மாவட்டங்களிலும் ஆண்டுக்குச் சுமார் 242 பேர். நாடு முழுவதற்குமான மதிப்பீடு 14,000. பதிவானவர்களோ 9,000ஐ எட்டவில்லை. மிச்சமுள்ள 5,000க்கு மேற்பட்டோர் பதிவேட்டில் இருக்கவில்லை. மருந்தெடுக்காத ஒருவரிடமிருந்து ஓராண்டில் 5 முதல் 15 பேருக்குக் கிருமி தொற்றலாம்.

மருந்து

50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 3 கூட்டுக் குளிசை. முதல் 8 வாரம் நான்கு மருந்து சேர்ந்தது: 168. அடுத்த 16 வாரம் இரண்டு மருந்து சேர்ந்தது: 336. மொத்தம் 504. இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறும் ஆபத்து உண்டு.

தூரம்

மாவட்டத்துக்கு ஒரு மார்புநோய் சிகிச்சை நிலையம் உண்டு. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நகருக்கு ஏ34 வீதியால் சுமார் 50 கி.மீ.; மாதம் ஒருமுறை போய்வந்தால் ஆறு மாதத்தில் 600 கி.மீ. முதல் 56 நாளும் ஒருவர் பார்த்திருக்கக் குளிசை விழுங்கவேண்டும். மருந்து தரும் இடம் 5 கி.மீ. தள்ளியிருந்தால், மூச்சு வாங்கும் ஒருவர் சைக்கிளில் ஓடவேண்டியது 560 கி.மீ. அதற்கு அரைநாள் வீதம் போனால் 28 நாட்கூலி இழப்பு. வீட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் குடும்பநல உத்தியோகத்தரோ பயிற்றப்பட்ட தொண்டரோ கிடைத்தால் அது 112 கி.மீ.க்கு மேற்படாது.

வீடு

கிருமி போனபின்னும் பலருக்கு நுரையீரலில் வடு மிஞ்சுகிறது. முள்ளந்தண்டைத் தாக்கினால் கால் வழங்காமலும் போகலாம். இங்கேதான் தொழில்வழிச் சிகிச்சை வேண்டும். கிணற்றிலிருந்து 40 லீற்றர் தண்ணீரை 10 லீற்றர் வீதம் 4 நடையில் சுமந்தவர், 5 லீற்றர் வீதம் 8 நடையாக்கி இடையிடையே இளைப்பாறலாம். குளிக்க ஒரு கதிரை, இருந்தபடி சமைக்க உயரமான அடுப்புமேடை, வயல்வேலைக்குத் திரும்ப வாரவாரம் கூட்டும் நேரம்: இவற்றை அந்த வீட்டையும் கிணற்றையும் பார்த்தவரே சரியாகச் சொல்ல முடியும். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் 2024இல் புனர்வாழ்வு சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. அங்குள்ள திறமை வீடுகளுக்கும் போகவேண்டும்.

செய்யவேண்டியது

குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 வீதத்தைத் தாண்டும் நோய்ச்செலவைப் பேரிழப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்கூலியில் வாழும் வீட்டை இழக்கும் ஒவ்வொரு வேலைநாளும் அந்த எல்லைக்கு அருகே தள்ளும். எனவே ஒவ்வொரு நோயாளியின் அட்டையிலும் தூரம், இழந்த நாள் இரண்டையும் எழுதுங்கள். இரண்டாம் மாத முடிவில் சளி பார்க்கும்போதே வீட்டுக்கு ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளரை அனுப்புங்கள். சமூக சேவைகள் திணைக்களத்தின் நோயுதவிப் பணத்துக்கான விண்ணப்பத்தை முதல் நாளிலேயே நிரப்பிக் கொடுங்கள். 242 வீடுகள் என்பது மூன்று மாவட்டங்களால் செய்துமுடிக்கக்கூடிய தொகை.