கம்பியில்லா ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுத்தல்

1935ஆம் ஆண்டில் மைசூரில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி அவர்கள் தம் இல்லத்திலேயே ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையத்தை நிறுவினார்கள். அதற்கு அமைந்த 'ஆகாசவாணி' என்னும் பெயர் பின்னர் நாட்டின் வானொலிக்கே உரியதாயிற்று. வீட்டிலிருந்து உலகத்தோடு பேசுவது அன்று பெரும் வியப்பு. இன்றோ பெங்களூரில் மாலை ஆறு மணி ஆனால் எத்தனையோ வீடுகள் சிறு ஒலிபரப்பு நிலையங்களாகி விடுகின்றன. 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் பரவிய இப்பழக்கம், ஊரடங்கு நீங்கிய பின்னும் நின்றுவிடவில்லை. பாட்டுக் கற்பிப்போர், கணக்குச் சொல்லித் தருவோர், வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்போர் எனப் பலரும் கணினியின் முன் அமர்ந்து, கண்ணுக்கெட்டாத இடத்திலுள்ளவரோடு பேசி வருகின்றனர்.

இவர்களுள் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வாழ்ந்து, மாலை வேளையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவரிடம் பயிலும் சிறுவர்கள் பகலெல்லாம் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கின்றனர். வால், வாள், வாழ் என்னும் மூன்று சொற்களின் வேறுபாட்டை அவர்கள் அறிவது ஆசிரியையின் குரல் ஒன்றைக் கொண்டே. அக்குரல் மங்கிச் சென்றால், மங்கிய ஒலியையே அக்குழந்தைகள் சரியென்று கற்றுக்கொள்வார்கள். பிறகு திருத்துவது எளிதன்று. ஆகவே அவருக்கு நல்ல ஒலிவாங்கி ஆடம்பரம் அன்று, கரும்பலகைக்கு ஒப்பான தேவை. ஆனால் அவருடைய வருவாயோ சிறிது. பணம் அதிகம் செலவிடாமல், எழுந்து நின்று பலகையில் எழுதவும் இடமளிக்கும் கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்றை எவ்வாறு தேர்வது?

மடிக்கணினியிலேயே ஒலிவாங்கி உண்டே, வேறொன்று எதற்கு என்று சிலர் வினவலாம். குறை அக்கருவியில் இல்லை, தொலைவில் இருக்கிறது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் அழுத்தம் பாதியாகும். வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் கேட்கும் குரல், நான்கு சாண் தொலைவில் காற்பங்காகக் குறைகிறது. ஆனால் அறையின் எதிரொலியோ எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவி நிற்கிறது. பளிங்குத் தரையும் வெறுஞ்சுவர்களும் கொண்ட இக்காலத்து அடுக்கு வீடுகளில் எதிரொலிக்குப் பஞ்சமே இல்லை. ஆசிரியை கணினியை விட்டு எழுந்து பலகைக்குச் சென்றதும் குரல் மெலிகிறது, எதிரொலி மேலோங்குகிறது, ழகரமும் ளகரமும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. விலையுயர்ந்த ஒலிவாங்கியை எட்டத்தில் வைப்பதைவிட மலிவான ஒன்றைச் சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ, வாய்க்கு ஒரு சாண் கீழே, குத்திக்கொள்வது மேல். இவ்வொன்றை மனத்திற் கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

சட்டையிற் குத்தும் இச்சிறு கருவிக்குள் இருப்பது மின்னேற்றம் நிலைத்து நிற்கும் ஒரு மெல்லிய ஏடு. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் இருவர் இவ்வகை ஒலிவாங்கியை உருவாக்கினர். அதற்கு முன் இருந்த மின்தேக்கி ஒலிவாங்கிகளுக்கு உயர்ந்த மின்னழுத்தத்தை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியிருந்தது. ஏட்டிலேயே மின்னேற்றம் தங்கிவிட்டதால் அத்தேவை ஒழிந்தது. கருவி சிறுத்தது, விலையும் வீழ்ந்தது. இன்று ஒலியைப் பற்றும் உறுப்புக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். கம்பியில்லா ஒலிவாங்கிக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அப்பற்றிய ஒலியைக் காற்றின் வழியே கணினிக்குக் கொண்டு சேர்க்கும் வேலைக்கே போகிறது. ஆதலின் வாங்குவோர் கூர்ந்து நோக்க வேண்டியதும் அவ்வேலையைத்தான்.

கடைகளில் கம்பியில்லா ஒலிவாங்கி என்ற ஒரே பெயரில் இருவகைக் கருவிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, கணினியிலுள்ள புளூடூத் அமைப்போடு நேரே இணைவது. மற்றொன்று, தனக்கென ஒரு சிறு ஏற்பியை உடன்கொண்டு வருவது. அவ்வேற்பியைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். பார்வைக்கு முதல் வகையே எளிது. செருக வேண்டியது எதுவுமில்லை. ஆயினும் தமிழ் கற்பிப்போர்க்கு நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். புளூடூத் வழியே பேசும் பழைய முறையில் குரல் விநாடிக்கு 8,000 முறை மட்டுமே அளக்கப்படுகிறது. அவ்வாறு அளந்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி போய்ச் சேராது. பழைய தொலைபேசியும் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தியது. தொலைபேசியில் ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல நேர்ந்த அனுபவம் நம்மில் மூத்தோர் அனைவருக்கும் உண்டு! ஸகரம், ஷகரம், ஃப என்னும் ஒலிகளின் உயிர்ப்பான பகுதி இவ்வெல்லைக்கு அப்பாலும் பரந்து கிடப்பதால், அவை ஒன்றுபோல் ஒலிக்கும். புதிய முறையில் அளவை 16,000 ஆக உயர்ந்திருக்கிறது. அதுவும் பேச்சுக்குப் போதுமேயன்றிப் பாட்டுக்குப் போதாது. தனி ஏற்பியோடு வரும் கருவிகளிலோ விநாடிக்கு 48,000 அளவைகள் என்பது பொதுவழக்கமாகிவிட்டது. பெட்டியின்மேல் இவ்வெண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

தனி ஏற்பி உடையவற்றிலும் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசையில் இயங்குகின்றன. நம் நாட்டில் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் குறைந்த ஆற்றலுடைய கருவிகள் உரிமமின்றியே பயன்படுத்தலாம். இது அனைவருக்கும் பொதுவான சாலை. வைஃபை, புளூடூத், கம்பியில்லாச் சுட்டெலி ஆகியவை இதிலேயே செல்கின்றன. அடுக்களையிலுள்ள நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ 2,450 மெகாஹெர்ட்ஸில் இயங்கி இவற்றுக்கு இடையூறு செய்கிறது. பல குடும்பங்கள் வாழும் அடுக்கு வீட்டில் இச்சாலையின் நெரிசல், சில்க் போர்டு சந்திப்பின் மாலை நெரிசலுக்குச் சற்றும் குறைந்ததன்று. வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் ஒலிவாங்கிக்குச் சிறிது வழி கிடைக்கும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. இதை அறியாமல் நல்ல கருவியைப் பழித்தோர் பலர். கணினியின் யு.எஸ்.பி. 3.0 துளைகளும், அவற்றில் இணைத்த வன்தட்டு முதலியனவும் இயங்கும்போது அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்புகின்றன. 2012ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனமே இதனை விளக்கி வெளியிட்டது. ஏற்பியை அத்துளைக்கு அருகில் செருகினால் குரல் விட்டுவிட்டு வரும். மாற்று எளிது: ஒரு யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியை வாங்கி, ஏற்பியைக் கணினியை விட்டு இரண்டு மூன்று சாண் தள்ளி மேசைமேல் உயரமாக வைப்பதே போதும். மனித உடலில் நீர் மிகுதி. நீர் இவ்வலைகளை விழுங்கும். ஆசிரியை கணினிக்கு முதுகு காட்டிப் பலகையில் எழுதும்போது ஒலி அறுபடுவதன் காரணம் இதுவே. பலகையின் பக்கமாக ஏற்பி கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் அக்குறையும் பெரும்பாலும் தீரும்.

சில மலிவான கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸை விடுத்து, 500 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இயங்குகின்றன. தொலைவு அதிகம் செல்லும் என்று விற்பனையாளர் புகழ்வார். அப்பகுதி தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் ஒதுக்கப்பட்டது. உரிமமின்றி இயக்க நமக்கு உரிமை இல்லை. அதை வாங்காதிருப்பதே முறை.

இனிக் கடைக்குச் செல்வோம். பெங்களூரில் இத்தகைய பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடம் எஸ்.பி. ரோடு எனப்படும் சாதர் பத்ரப்பா சாலை. ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த கருவிகளும் பல ஆயிரம் பெறுமானமுள்ளவையும் அங்கே அருகருகே கிடைக்கும். நிறுவனத்தின் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது வானொலி மரபன்று. ஆனால் சோதிக்கும் வழியைச் சொல்லலாம். தம் மடிக்கணினியையும் காதில் மாட்டும் கேட்பியையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். கடைக்காரரின் கைத்தொலைபேசியில் நன்றாகக் கேட்டது நம் கணினியில் இயங்காமற் போகலாம். ஏற்பியின் செருகி டைப்-சி வடிவில் இருக்க, நம் கணினியில் பழைய அகன்ற துளை மட்டுமே இருக்கக்கூடும். பிறகு வால், வாள், வாழ், அரம், அறம், பஸ், புஷ்பம் என்று சில சொற்களை இயல்பான குரலில் பதிவு செய்து, அங்கேயே கேட்டுப் பார்க்க வேண்டும். கடையின் சந்தடி இச்சோதனைக்குத் தடையன்று, துணையே.

இரைச்சல் நீக்கும் பொத்தான் என்று ஒன்றைக் காட்டுவார்கள். நாம் முன்னொரு நாள் அதில் மயங்கி ஒரு கருவி வாங்கினோம். பொத்தானை அழுத்தியதும் அடுக்களைக் குக்கரின் சீழ்க்கை மறைந்தது உண்மை. அத்துடன் சொற்களின் ஈறுகளும் மறைந்தன. 'வாழ்க' என்றால் 'வா' என்று கேட்டது! இரைச்சலுக்கும் ஸகரத்துக்கும் வேறுபாடு காணும் திறன் மலிவான கருவிகளிற் குறைவு. கதவைச் சாத்தித் திரையைத் தொங்கவிட்டு, தரையில் ஒரு ஜமுக்காளம் விரிப்பது அப்பொத்தானைவிட நற்பயன் தரும்.

மின்கலமும் எண்ணத்தக்கது. சட்டையிற் குத்தும் கருவிக்குள் உள்ள சிறு கலம் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் உழைக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறையும், எளிதில் மாற்றவும் இயலாது. இரண்டு வகுப்புகளுக்கு இடையே மின்னேற்ற நேரம் இருக்கிறதா என்று தம் அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நூறு மீட்டர் தொலைவு, இருநூறு மீட்டர் தொலைவு என்னும் விளம்பரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வகுப்பறை பத்தடி.

வகுப்பு முழுவதும் அமர்ந்தே பேசுவோர் கம்பியில்லாக் கருவியையே வாங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்போம். அதே பணத்துக்குக் கம்பியுள்ள யு.எஸ்.பி. ஒலிவாங்கி தெளிவான ஒலி தரும். மின்கலக் கவலையும் அலை நெரிசலும் அதற்கு இல்லை. எழுந்து நடமாட வேண்டிய நம் ஆசிரியைக்கோ தனி ஏற்பியும் 48,000 அளவையும் உடைய எளிய கருவி ஒன்றும், ஒரு நீட்டிப்புக் கம்பியும் போதும். விலைச்சீட்டு பெற்றுக்கொண்டு, மாற்றித் தரும் நாள்கள் எத்தனை என்பதைக் கடைக்காரரிடம் அதன் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் வகுப்பை அந்நாள்களுக்குள் நடத்தி, மறுமுனையிலுள்ள சிறுவனை 'வாழ்' என்று திருப்பிச் சொல்லச் செய்தால் மீதித் தீர்ப்பை அவனே சொல்லிவிடுவான்.