உங்களுக்குத் தெரியுமா? குடல், மூட்டு, கஷாயம்!

பட்டர்வொர்த் வாசகர்களே, முதல் பெருமை உங்களுக்குத்தான்! மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குள் பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதன்முதலில் திறந்தது கோலாலம்பூரில் அல்ல, ஜொகூரிலும் அல்ல. நம் செபராங் பிறையில், கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில்! ஆண்டு 2007!

கடலைத் தாண்டித் தீவுக்குப் போனால் இன்னும் பழைய சங்கதி. லாம் வா ஈ மருத்துவமனை 1883-இல் ஏழைகளுக்கு இலவசமாகச் சீன மருந்து கொடுக்கத் தொடங்கியது. பினாங்குப் பாலத்தைவிட 102 வயது மூத்தது!

சித்த மருத்துவத்துக்கு மலேசியச் சட்டத்திலேயே இடம் உண்டு. 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டம், எண் 775. இந்திய மருத்துவம் என்ற பிரிவுக்குள் ஆயுர்வேதம், யுனானியோடு சித்தமும் உட்கார்ந்திருக்கிறது!

இனி நம் வயிற்றுக்கே வருவோம். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் குடல் அழற்சி நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். முடிவு 2015-இல் வெளிவந்தது. இந்தியர்களில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 1.91 புதிய நோயாளிகள். மற்ற இரு பெரிய இனங்களில் எதிலும் இந்த எண் 0.7-ஐக்கூடத் தொடவில்லை! இது நம் வீட்டு விஷயம், ஐயா!

இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் மலேசியாவில் இந்தியர்களிடம்தான் அதிகம். கிளந்தான் மலாய்க்காரர்களிடமோ உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளுள் ஒன்று. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் இந்தியர்களைவிடச் சீனர்களுக்கே கூடுதல்! விஞ்ஞானிகளே தலையைச் சொறிகிறார்கள்!

அந்தக் கிருமிதான் குற்றவாளி என்று காட்ட ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? 1984-இல் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார்! 2005-இல் நோபல் பரிசு!

சரி, இப்போது பெரிய மீன். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் இவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். படித்தது மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். முழு எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்கவில்லை. ஒரு படி குறைந்த எல்எம்எஸ்தான் கிடைத்தது!

அவர் சகோதரர்கள் இருவரைக் கொன்றது ஸ்ப்ரூ என்ற குடல்நோய். அவருக்கும் அதே நோய் வந்தது. கைகொடுத்தவர் மெட்ராஸின் ஆயுர்வேத மருத்துவர் ஆசந்த லட்சுமிபதி! பிழைத்த சுப்பாராவ் அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே ஆசிரியராகச் சேர்ந்தார்!

அதோடு விட்டாரா? அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1940-களில் அவர் தலைமையிலான லெடர்லே ஆய்வகம் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. தன் சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்ப்ரூவுக்கு மருந்து!

இன்னும் இருக்கிறது! அதே ஆய்வகம் ஃபோலிக் அமிலத்துக்கு நேர் எதிரியையும் உருவாக்கியது. அதுதான் மெத்தோட்ரெக்சேட். இன்று உலகமெங்கும் முடக்குவாதத்துக்கு முதல் மருந்து. 1988-இல்தான் அமெரிக்கா அதை முடக்குவாதத்துக்கு அதிகாரபூர்வமாக அனுமதித்தது. சுப்பாராவ் இறந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு!

இன்றைக்கும் முடக்குவாத நோயாளி வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் என்று இரண்டையும் சாப்பிடுகிறார். இரண்டும் ஒரே மனிதரின் ஆய்வகத்தில் உருவானவை! கவனம், வாரம் ஒருநாள்! தவறிப்போய்த் தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு!

அந்த ஃபோலிக் அமிலம் முதலில் எங்கே பிடிபட்டது தெரியுமா? மார்மைட் புட்டியில்! 1931-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயின் கர்ப்பிணிப் பெண்களுக்கு மார்மைட் கொடுத்தே ரத்தசோகையைப் போக்கிக் காட்டினார். காய்ச்சலுக்குக் கஞ்சியில் கலக்கிக் கொடுப்போமே, அதே மார்மைட்!

ஆயுர்வேதமா, மெத்தோட்ரெக்சேட்டா? காப்பிக்கடையில் நூறு தடவை கேட்ட சண்டை. இதற்கு நேருக்கு நேர் பந்தயமே நடந்திருக்கிறது, அதுவும் நம் கோயம்புத்தூரில்! முடக்குவாத நோயாளிகள் 43 பேர். மூன்று குழுக்கள். ஒன்றுக்கு ஆயுர்வேதம். ஒன்றுக்கு மெத்தோட்ரெக்சேட். ஒன்றுக்கு இரண்டும். யாருக்கு எது அசல், எது போலி என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்ட மருத்துவருக்கும் தெரியாது!

கஷாயம், லேகியம் உள்ள வைத்தியத்தை இப்படிக் கண்ணைக் கட்டிச் சோதிக்கவே முடியாது என்று பலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர் முடித்துக் காட்டியது! பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம்!

36 வாரம் ஓடியது. 2011-இல் முடிவு வந்தது. மூன்று குழுவும் ஏறக்குறைய சமம்! ஆயுர்வேதம் மட்டும் எடுத்தவர்களுக்குப் பக்கவிளைவு எண்ணிக்கையில் குறைவு! ஆனால் மொத்தமே 43 பேர். வென்றது யார் என்று சொல்ல அது போதாது. ஆயிரம் பேரை வைத்து யாராவது இதைத் திரும்ப நடத்த வேண்டும். அந்த நாளுக்குத்தான் காத்திருக்கிறேன்!

அடுத்து நிலவேம்பு. மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்களே, அதே கசப்புதான். அதன் சாறு மாத்திரையாகிப் பெருங்குடல் புண் நோயாளிகள் 224 பேரிடம் சோதிக்கப்பட்டது. அதிக அளவு சாப்பிட்டவர்களில் 60 சதவீதத்தினருக்கு முன்னேற்றம். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில்? 40 சதவீதம்!

கை தட்டிவிடாதீர்கள். அதைவிடப் பெரிய அடுத்த சோதனையில் இடையில் கணக்குப் பார்த்தார்கள். பலன் தேறவில்லை. 2014-இல் பாதியிலேயே மூட்டை கட்டினார்கள்! முதல் சோதனையைப் பற்றி மட்டும் இன்னும் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது!

மஞ்சள்! ஜப்பானில் பெருங்குடல் புண் அடங்கியிருந்தவர்களுக்கு, வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்க்குமின் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நோய் திரும்பியது 43 பேரில் 2 பேருக்கு. குர்க்குமின் இல்லாத 39 பேரில் 8 பேருக்கு! இது 2006-ஆம் ஆண்டுக் கணக்கு.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை!

குழம்பில் போடுகிறோமே, போதாதா என்கிறீர்களா? மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். அந்த 2 கிராமைத் தொட நீங்கள் தினமும் 65 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும்!

மிளகைச் சேர்த்தால் குர்க்குமின் ரத்தத்தில் ஏறுவது 20 மடங்கு கூடுகிறது. கண்டுபிடித்தது பெங்களூர், ஆண்டு 1998! அதே வீரியம் சிலர் கல்லீரலுக்கு வினையும் ஆகிறது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஒருவர் இறந்தே போனார்!

இசப்கோல் தெரியுமல்லவா? மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. அதன் விதையை ஸ்பெயின் நாட்டில் பெருங்குடல் புண் மருந்தான மெசலமினோடு மோதவிட்டார்கள். ஓராண்டில் தோல்வி கண்டவர்கள் விதைக் குழுவில் 40 சதவீதம், மருந்துக் குழுவில் 35. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 30!

பினாங்குச் சீன மருந்துக்கடைக்காரரிடம் லெய் குங் தெங் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்! இந்தக் கொடியின் சாறு அமெரிக்காவில் 121 முடக்குவாத நோயாளிகளிடம் சல்ஃபாசலசின் மருந்தோடு மோதியது. கொடியில் 65 சதவீதத்தினருக்கு முன்னேற்றம், மருந்தில் 33! விலையும் உண்டு. ஆண்களுக்கு விந்தணு குறையும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றே போகலாம்!

அந்த சல்ஃபாசலசின் மட்டும் சும்மாவா? சுவீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டு நோயை நினைத்து உருவாக்கியது, குடல் நோய்க்குக் கைகண்ட மருந்தானது!

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். அதன் விதையில் இருக்கும் கொல்கிசின் கீல்வாத மாத்திரை ஆகிறது. தாராபுரம் பக்கத்து விவசாயிகள் வயலில் பயிராகவே வளர்க்கிறார்கள். அதே செடியின் கிழங்கைத் தின்றால் சாவு!

லூபஸ் நோயாளிகள் சாப்பிடும் ஹைட்ராக்சிக்ளோரோகுயின் மலேரியா மருந்துக் குடும்பத்துப் பிள்ளை. 1951-இல் ஒரு லண்டன் மருத்துவர் மலேரியா மாத்திரையால் லூபஸ் தோல் தடிப்பு மறைவதை எழுதினார், கதை அங்கே சூடு பிடித்தது!

வாழைப்பழம் குடலைக் குணமாக்குமா? 1924-இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ், சீலியாக் நோயால் வாடிய குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள்! உலகமே வாழைப்பழத்தைக் கும்பிட்டது. உண்மையில் தேற்றியது பழம் அல்ல. தட்டில் கோதுமை இல்லாததுதான்!

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹாலந்தின் வில்லம் டிக்கே. 1944-45 போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினி. அவருடைய சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறிக்கொண்டிருந்தார்கள்! வாழைப்பழம் கால் நூற்றாண்டு நல்ல பெயர் வாங்கியது இப்படித்தான். ஒரு வைத்தியம் பலித்தால், எது பலித்தது என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது!

இது இன்னும் வேடிக்கை! ஹார்வர்டில் குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேர். ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கொடுத்தது வெறும் மாத்திரை. இதில் மருந்தே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு நிம்மதி! சாப்பிடாதவர்களில் 35 சதவீதம்! “நான் சாப்பிட்டேன், எனக்குக் கேட்டது” என்று யாராவது சத்தியம் செய்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்!

முகம் சுளிக்காமல் படியுங்கள். நான்காம் நூற்றாண்டுச் சீனாவில் கடும் வயிற்றுப்போக்குக்கு மனித மலத்தைக் கரைத்துக் கொடுத்தார்கள்! சிரித்தவர்கள் 2013-இல் வாயை மூடிக்கொண்டார்கள். திரும்பத் திரும்ப வரும் சி. டிஃபிசில் குடல்தொற்றுக்கு ஆரோக்கியமானவரின் மலத்தைக் குழாய் வழியே செலுத்தினார்கள். 16 பேரில் 15 பேர் குணம்! ஆன்டிபயாட்டிக் மட்டும் எடுத்த 13 பேரில் நால்வர். பலன் இவ்வளவு பட்டவர்த்தனமாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்!

பன்றிக்குடல் புழுவின் முட்டை 2,500! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடிக்கக் கொடுத்தார்கள். பெருங்குடல் புண்ணில் 43 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். இன்னொரு குடல் அழற்சியான குரோன் நோய்க்குக் கொடுத்துப் பெரிதாகச் சோதித்தபோது ஒன்றுமில்லை!

நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை 35 பெருங்குடல் புண் நோயாளிகளில் 17 பேரின் நோயை அடக்கியது. அதற்காகச் சிகரெட்டைத் தொடாதீர்கள், குரோன் நோயைப் புகை மோசமாக்கும்!

இப்போது உங்கள் காதைக் கொடுங்கள். முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் என்றால் எதிர்ப்புசக்தி குறைந்தது என்று அர்த்தமில்லை. அது நம் உடலையே தாக்கிக்கொண்டிருக்கிறது! அதை இன்னும் கூட்டும் மருந்து எதற்கு?

கோவிட் காலத்தில் எதிர்ப்புசக்திக்கு என்று சீந்தில் கஷாயத்தை அண்டா அண்டாவாகக் குடித்தார்கள். இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து எண்ணியதில் கல்லீரல் பாதித்தவர்கள் 43 பேர். அவர்களில் பலருக்குத் தன்னெதிர்ப்புக் கல்லீரல் நோயின் அறிகுறிகள்!

இன்னொரு மூலிகையான அமுக்கராவை டென்மார்க் 2023-இல் தடையே செய்துவிட்டது!

இணையத்தில் விற்ற ஆயுர்வேதப் பொருள்கள் 193-ஐ அமெரிக்காவில் வாங்கிச் சோதித்தார்கள். ஏறக்குறைய 21 சதவீதத்தில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக்! இது 2008-இல்!

பசார் மாலாமில் வாங்கிய மூலிகை மாத்திரை இரண்டே நாளில் மூட்டுவலியைப் பறக்கவிட்டதா? சந்தேகப்படுங்கள்! சொல்லாமல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பாரம்பரியப் பொருள்களை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மறுபடி மறுபடி பிடித்திருக்கிறார்கள். முகம் உப்பி வட்டமாகும். சர்க்கரை ஏறும். எலும்பு தேயும். பல மாதம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து! அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்!

மலேசியாவில் 20 நோய்களைக் குணமாக்குவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா எல்லாம் அதில் அடக்கம். மூட்டுவாதமும் குடல் அழற்சியும் அந்த இருபதில் இல்லை! விளம்பரங்கள் ஏன் மூட்டையும் வயிற்றையும் சுற்றியே வருகின்றன என்று இப்போது யோசித்துப் பாருங்கள்!

பதிவு செய்த மருந்துப் பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். கடைசியில் ‘டி’ (T) என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. அரசாங்கம் அதன் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்திருக்கிறது. நோய் குணமாகும் என்று மனிதர்களிடம் சோதித்து நிரூபிக்கச் சொல்லவில்லை!

அந்த எண்ணை மருந்துக் கட்டுப்பாட்டு முகமையின் இணையதளத்தில் நீங்களே தட்டலாம், இலவசம்! பொருளின் பெயரும் தயாரிப்பாளரும் கண்முன் வந்து நிற்பார்கள். எதுவுமே வரவில்லையா? உங்கள் கையில் இருப்பது பதிவே ஆகாத சரக்கு!