பாடநூலும் ஆராய்ச்சியும்: கணிதப் பேராசிரியர் வால்டர் ரூடின்

பல்கலைக்கழக ஆசிரியரின் தகுதியை அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டே அளக்கும் வழக்கம் உண்டு. பாடநூல் எழுதுவது இரண்டாந்தரப் பணி என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்தே நிலவுகிறது. இவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு வால்டர் ரூடினின் கல்விப் பணி தக்க சான்றாகும்.

1921ஆம் ஆண்டில் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் ரூடின் பிறந்தார். 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டதும் அக்குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படைகளில் பணியாற்றிய அவர், பின்னர் அமெரிக்கா சென்று, டியூக் பல்கலைக்கழகத்தில் 1949இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்தபோது, கணிதப் பகுப்பாய்வைக் கற்பிக்க ஏற்ற நூல் இல்லாததை உணர்ந்து, தாமே ஒன்றை எழுத முற்பட்டார். 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேதமேட்டிகல் அனாலிசிஸ்' என்னும் அந்நூல் 1953இல் வெளிவந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் முதுகலை மாணவர்களும் அதைப் பயின்று வந்துள்ளனர்.

இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத இயலாது என்பதிலிருந்து நூல் தொடங்குகிறது. பின்னங்களுக்கிடையே உள்ள இத்தகைய இடைவெளிகளை நிரப்பவே மெய்யெண்கள் தேவைப்படுகின்றன. பின்னங்களிலிருந்து மெய்யெண்களை உருவாக்கிக் காட்டுவதை முதலிலேயே வைப்பது தருக்கப்படி சரியே. ஆயினும், தொடக்க நிலையில் மாணவர் அதன் தேவையை உணர்வதில்லை என்பதை ரூடின் அனுபவத்தில் கண்டார். எனவே, 1976இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அப்பகுதியை முதல் அத்தியாயத்தின் பிற்சேர்க்கைக்கு மாற்றினார். கற்போரின் நிலையறிந்து பாடத்தின் வரிசையை அமைப்பதற்கும் ஆழ்ந்த புலமை வேண்டும் என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

பாடநூற்பணி அவருடைய ஆராய்ச்சிக்குத் தடையாகவில்லை. 1959 முதல் 1991 வரை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், ஃபூரியர் பகுப்பாய்விலும் பல கலப்பெண் மாறிகளின் சார்புகளிலும் குறிப்பிடத்தக்க ஆய்வுகளை நிகழ்த்தினார். அவருடைய பாடநூல்களுக்காகவே அமெரிக்கக் கணிதக் கழகம் 1993இல் அவருக்கு ஸ்டீல் பரிசு வழங்கியது. 2010இல் அவர் மறைந்தார்.

ஓர் ஆய்வுக் கட்டுரை பெரும்பாலும் அத்துறை வல்லுநர் சிலரையே சென்றடைகிறது. நல்ல பாடநூலோ நாளைய ஆய்வாளர்களையே உருவாக்குகிறது. இந்திய மொழிகளில் உயர்கல்வி நூல்கள் பெருக வேண்டுமாயின், அவற்றை எழுதும் ஆசிரியருக்குப் பதவி உயர்விலும் நேர ஒதுக்கீட்டிலும் உரிய இடம் அளிக்கப்பட வேண்டும்.