நீலகிரியில் டூர் டி பிரான்ஸ் மாதிரி பந்தயம் நடக்குமா? மலை ஏற்றங்களைத் தேர்வு செய்வது எப்படி?

ஊட்டி தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பிரபலமான கலிபியே மலைப்பாதையின் உயரம் 2,642 மீட்டர். வித்தியாசம் வெறும் 5 மீட்டர்தான். அப்படின்னா நம்ம ஊர் மலையிலும் அதுபோல ஒரு பந்தயம் நடத்தலாமா? உயரம் மட்டும் இருந்தால் போதாது. ஏற்பாட்டாளர்கள் வேறு என்னென்ன பார்க்கிறார்கள்?

சரிவும் நீளமும்

8 சதவீத சரிவு என்றால், 100 மீட்டர் தூரத்துக்கு 8 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மேட்டுப்பாளையத்தில் இருந்து பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் மலை ரயில் பாதையில் அதிகபட்ச சரிவே 8.33 சதவீதம்தான். பிரான்ஸின் ஆல்ப் டுவெஸ் ஏற்றத்தில் சராசரியே 8.1 சதவீதம். அதுவும் 13.8 கி.மீ. தூரத்துக்கு!

சரிவு, நீளம் இரண்டையும் வைத்து ஏற்றங்களை 4-ம் நிலையில் இருந்து முதல் நிலை வரை பிரிக்கிறார்கள். அதற்கும் மேலே உள்ள மிகக் கடினமான ஏற்றம்தான் 'ஹெச்.சி'.

ஏற்றம் எங்கே வரணும்?

சமதளத்தில் முன்னால் போகிறவர் காற்றைத் தடுப்பார். பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது சுலபம். மலையில் வேகம் குறைவதால் இந்தச் சலுகையும் குறைந்துவிடும். அவரவர் கால் பலம்தான். அதனால் மலையில்தான் பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் தெரியும்.

ஆனால் காலையிலேயே மலை வந்துவிட்டால், பின்தங்கியவர்கள் சமதளத்தில் எட்டிப் பிடித்துவிடுவார்கள். எனவே முக்கியமான ஏற்றத்தை அன்றைய தூரத்தின் கடைசிப் பகுதியில் வைக்கிறார்கள்.

உச்சியில் இடம் இருக்கா?

2023-ல் டூர் டி பிரான்ஸில் களமிறங்கியவர்கள் 176 பேர். அவர்களுடன் அணிகளின் கார்கள், ஆம்புலன்ஸ், டிவி வாகனங்களும் மேலே போக வேண்டும். ஆல்ப் டுவெஸ் பனிச்சறுக்கு நகரம் என்பதால் இடப் பிரச்சினை இல்லை.

புய் டி டோம் எரிமலை அப்படியல்ல. ரயில் பாதை போட்ட பிறகு அங்கே சாலை குறுகிவிட்டது. 35 ஆண்டுகளுக்குப் பிறகு 2023-ல் பந்தயம் அங்கே திரும்பியபோது, கடைசி 4 கி.மீ. தூரத்துக்கு ரசிகர்களை அனுமதிக்கவில்லை. இடநெருக்கடியும் இயற்கைப் பாதுகாப்புமே காரணம்.

வானிலை கைகொடுக்கணும்

2019 ஜூலை 26 அன்று வீரர்கள் இசரான் மலையைத் தாண்டி இறங்கியபோது, முன்னால் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை மூடின. பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டு, மலை உச்சியைக் கடந்த நேரமே கணக்கில் எடுக்கப்பட்டது.

நீலகிரியில் என்ன நிலை?

'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' சைக்கிள் பயணம் 2008-ல் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர்தான் அதன் வழக்கமான மாதம். இது முழுப் பந்தயம் இல்லை; குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டும் நேரம் கணக்கிடப்படும். இதில் பெயர் பெற்ற ஏற்றம், மசினகுடியில் இருந்து ஊட்டி செல்லும் கல்லட்டி பாதை.

36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இந்தப் பாதையில் ஏறுவது கஷ்டம், இறங்குவது ஆபத்து. 2018-ல் நடந்த விபத்துக்குப் பிறகு, வெளியூர் வாகனங்கள் இதில் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. அடிவாரத்தில் இருப்பது முதுமலை புலிகள் காப்பகம், யானைகள் நடமாடும் காடு. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்க்க இது ஏற்ற இடமல்ல.

ஐரோப்பாவில் பந்தயத்துக்காகச் சாலையைப் பல மணி நேரம் மூடுவார்கள். இங்கே குன்னூர், கோத்தகிரி சாலைகளை அப்படி மூடுவது சுலபமில்லை. ஊட்டி கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருவதும், மேல்சிகிச்சைக்கு நோயாளிகள் கோவைக்கு வருவதும் இந்த வழிகளில்தான். சுற்றுலா நெரிசலைச் சமாளிக்கவே 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது.

ஆக, பெரிய பந்தயம் வேண்டுமென்றால் நீலகிரியில் ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. சாலையை மூடும் நேரத்தில் ஆம்புலன்ஸும் காய்கறி லாரியும் எந்த வழியாக இறங்கும் என்பதற்குத்தான் ஏற்பாட்டாளர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டும்.