ஷோகேஸில் இருக்கும் தஞ்சாவூர் தட்டு... கையால் அடித்ததா, மெஷினில் அழுத்தியதா?

ரிட்டயர்மென்ட் விழாவோ, புதுமனைப் புகுவிழாவோ... பொன்னாடைக்கு அடுத்தபடியாக மேடையில் கைமாறுவது தஞ்சாவூர் தட்டுதான். வீட்டுக்கு வந்ததும் ஷோகேஸில் ஏறிவிடும். அதற்குப் பிறகு யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை!

பித்தளை அல்லது செம்பில் அடித்தட்டு, அதன்மேல் வெள்ளித் தகட்டில் புடைத்து நிற்கும் உருவங்கள். இதுதான் தஞ்சாவூர் தட்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் இந்தக் கலை தொடங்கியதாகச் சொல்வார்கள்.

வேலை தொடங்குவது அச்சில். உருவம் வெட்டிய கனமான உலோக அச்சின்மேல் மெல்லிய தகட்டை வைத்து, அச்சின் பள்ளமெல்லாம் தகட்டில் இறங்கும்வரை தட்டுகிறார்கள். அடிக்க அடிக்க உலோகம் இறுகும். இறுகிய தகட்டை மேலும் அடித்தால் கிழிந்துவிடும். அதனால் இடையில் நெருப்பில் காட்டி இளக வைத்து, மறுபடி தட்ட வேண்டும். புடைப்பு கிடைத்ததும் தகட்டின் பின்பக்கக் குழிவில் மெழுகுக் கலவையை நிரப்புகிறார்கள். அந்த மெத்தைதான் தகடு நசுங்காமல் காப்பாற்றுகிறது. பிறகு அடித்தட்டில் பொருத்தி, சிற்றுளியால் கண், நகை, மடிப்பு என நுணுக்கங்களைத் தீட்டினால்தான் சாமிக்கு முகம் வரும்.

அப்படியானால் லிஃப்ட் கதவில் பார்க்கிறோமே, அந்த டிசைன்? அதுவும் புடைப்பு வேலைதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிடிவாதக்காரன். வெள்ளி, செம்பைவிட வேகமாக இறுகிவிடும். எனவே, டிசைன் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டைச் செலுத்தி அழுத்தி எடுக்கிறார்கள். அழகு மட்டுமல்ல, இந்த மேடு பள்ளத்தில் கைரேகையும் சின்னக் கீறலும் கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் விறைப்பும் கூடும்.

சிக்கல் கடையில்தான். தஞ்சாவூர் தட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது பெயரைக் காப்பாற்றும், விலையைக் காப்பாற்றுமா? பிரஸ்ஸில் ஒரே அழுத்தில் வரும் தகடும், நெருப்பும் சுத்தியலுமாகப் பாடுபட்ட தகடும் நான்கடி தள்ளிப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வெள்ளி விலை ஏற ஏற, பரிசு வாங்குபவரின் கை மலிவான பக்கம்தான் போகிறது. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

'உருவங்கள் ஒரே மாதிரி இருந்தால் மெஷின் வேலை' என்று நினைத்துவிடாதீர்கள். கைவேலையிலும் அச்சு உண்டு. பார்க்க வேண்டியது கோடுகளை. சிற்றுளி பட்ட கோடு ஓரிடத்தில் ஆழமாகவும் இன்னோரிடத்தில் மெல்லியதாகவும் ஓடும். பிரஸ்ஸில் வந்த கோடு முழுக்க ஒரே அளவில் மழுங்கலாக இருக்கும். சந்தேகமா? எந்த உலோகம், யார் செய்தது என்று கடையில் கேளுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா? குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். மேலே இருப்பது மெல்லிய தகடு, தேயும். உள்ளே மெழுகு இருப்பதால் வெந்நீரும் அடுப்புச் சூடும் ஆகாது. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போதும்.